கப்பலே சீதனமாக வந்த கதை

கப்பல் தொழில் நடத்தும் குடும்பத்தைப் பற்றிய சரித்திரத் தொடர் எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சொல்வேன்: பிபிசியின் ‘தி ஒனீடின் லைன்’. 1971 முதல் 1980 வரை எட்டுப் பருவங்களாக, 91 பகுதிகள் ஒளிபரப்பானது. கதை 1860இல் லிவர்பூல் துறைமுகத்தில் தொடங்குகிறது.

ஒனீடின் குடும்பத்தில் அப்பா இறந்ததும் கடை மூத்தவன் ராபர்ட்டுக்குப் போய்விடுகிறது. இளையவன் ஜேம்ஸுக்குக் கிடைப்பது 25 பவுண்டு. அவன் கண்ணெல்லாம் ‘ஷார்லட் ரோட்ஸ்’ என்ற பாய்மரக் கப்பல்மேல்தான். அதற்குச் சொந்தக்காரர் வெப்ஸ்டர், குடிக்கு அடிமையான கிழக் கேப்டன். அவருடைய மகள் ஆன், இனி இவளுக்குக் கல்யாணம் நடக்காது என்று ஊர் முடிவு கட்டிவிட்ட பெண். கப்பல் கைக்கு வரவேண்டுமே என்று ஜேம்ஸ் அவளை மணக்கிறான். நம் வழக்கில் சொன்னால், கப்பல்தான் சீதனம்!

என்னை இந்தத் தொடரில் கட்டிப்போட்டவள் ஆன்தான். ஜேம்ஸ் எதையும் லாபநஷ்டமாகவே பார்ப்பவன். கூலி குறைந்த மாலுமியும் மனிதன்தான் என்று அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள் அவள் ஒருத்தி. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமி பெய்ன்ஸுக்கு அவள் எழுத்துக் கற்றுக்கொடுப்பதைப் பாருங்கள். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கையோடு அந்த முரட்டு மனிதர் பிள்ளையைப் போல எழுத்துக்கூட்டும்போது எனக்குக் கண் கலங்கியது. பேரமாகத் தொடங்கிய கல்யாணம் மெல்ல மெல்ல உண்மையான அன்பாகிறது. அந்த நேரத்தில்தான், இரண்டாம் பருவத்தின் முடிவில், பிரசவத்தில் ஆன் இறந்துபோகிறாள். பிறந்த மகளுக்கு ஷார்லட் என்று பெயர், கப்பலின் பெயர்.

ஜேம்ஸின் தங்கை எலிசபெத்தின் கதையும் லேசுப்பட்டதல்ல. காதலன் டேனியல் ஃபோகர்ட்டியின் குழந்தையை வயிற்றில் சுமந்தபடி, நீராவிக் கப்பல்களில் ஊறிய ஃபிரேசர் குடும்பத்து ஆல்பர்ட்டை மணக்கிறாள். அண்ணன் பாய்மரத்தை நம்ப, தங்கை வீட்டில் நீராவி. அந்தக் காலத்துத் தொழில் போட்டி முழுவதும் ஒரே குடும்பத்துக்குள் வந்துவிடுகிறது. பிற்பாடு ஃபிரேசர் நிறுவனத்தை எலிசபெத்தே நடத்துகிறாள்.

தொடக்க இசையைத் தாண்டிவிடாதீர்கள். இசையமைப்பாளர் கச்சதூரியனின் ‘ஸ்பார்ட்டகஸ்’ பாலே இசை அது. பாய்கள் காற்றில் புடைக்கும்போது நெஞ்சு நிமிரும். துறைமுகக் காட்சிகள் பலவும் டெவன் மாவட்டத்து டார்ட்மத்தில் எடுக்கப்பட்டவை.

கடைசிப் பருவங்களில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. முதல் இரண்டு பருவங்களை மட்டுமாவது வரிசை மாறாமல் பாருங்கள். ஜேம்ஸாக நடித்த பீட்டர் கில்மோரும் ஆனாக நடித்த ஆன் ஸ்டாலிபிராஸும் பல ஆண்டுகள் கழித்து நிஜமாகவே மணந்துகொண்டார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன்.