கர்லுக்கு ஒரு ஷெல் எழுதலாமா?

கேள்வி: கட்டளை வரியில் இயங்கும் கர்ல் நிரலைக் கொண்டு எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை) சர்வருக்குத் தினமும் கோப்புகள் அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் முழு முகவரியையும் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. 'சிடி' (கோப்புறை மாற்ற), 'கெட்' (கோப்பை எடுக்க), 'புட்' (அனுப்ப) என்று கொடுத்து வேலை பார்க்க ஒரு ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) எழுத முடியுமா? பைத்தான் ஓரளவு தெரியும்.

பதில்: முடியும். ஆனால் அந்த மூன்று கட்டளைகள் மட்டும் போதும் என்றால் எழுதாதீர்கள். தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளுடன் வரும் எஸ்எஃப்டிபி நிரலிலேயே அவை இருக்கின்றன. அன்றைய தேதியில் கோப்புறை உருவாக்கி அதற்குள் அனுப்புவது போல, உங்கள் வேலைக்கே உரிய கட்டளைகள் வேண்டுமானால் தொடங்குங்கள்.

பைத்தானுடனேயே வரும் 'சிஎம்டி' தொகுதி பாதி வேலையை முடித்துவிடும். அதன் வகுப்பை நீட்டித்து 'டூ_புட்' என்று ஒரு செயற்கூறு எழுதினால் 'புட்' கட்டளை தயார்.

மீதிப் பாதிதான் சிக்கல். கர்லுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. ஆகவே 'சிடி' சர்வரில் எதையும் மாற்றாது. உங்கள் வகுப்பில் ஒரு மாறியில் இருக்கும் பாதையைத்தான் மாற்றும். மாற்றும் முன் அந்தக் கோப்புறையைப் பட்டியலிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் இல்லாத இடத்தில் 'நின்றுகொண்டு' அடுத்த கட்டளையில் முழிப்பீர்கள். பட்டியல் வேண்டுமானால் முகவரி சாய்கோட்டில் (/) முடிய வேண்டும். விட்டுவிட்டால் கர்ல் அதைக் கோப்பு என்று எண்ணிப் பதிவிறக்கப் பார்க்கும். எஸ்எஃப்டிபியில் பாதை மூலக் கோப்புறையிலிருந்து தொடங்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

கோப்புப் பெயரில் இடைவெளியோ தமிழோ இருந்தால் முகவரியில் அப்படியே ஒட்டாதீர்கள். 'அ' என்ற ஒரே எழுத்து யுடிஎஃப்-8இல் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டையும் '%' குறியோடு எழுதும் சதவீதக் குறியீட்டில் 9 எழுத்துகள். அதற்கு பைத்தானின் 'யுஆர்எல்லிப்' தொகுதியில் 'குவோட்' செயற்கூறு இருக்கிறது. கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல் உள்நுழைவு விவரங்களுக்கான நெட்ஆர்சி கோப்பில் வையுங்கள்.

இன்னொரு பொறி: வெறுமனே என்டர் தட்டினால், முந்தைய கட்டளையை 'சிஎம்டி' மீண்டும் இயக்கும். இருப்பதிலேயே பழைய காப்புப் பிரதியை நீக்கும் கட்டளை ஒன்றை எழுதியிருந்தேன். தேநீரை வைக்கும்போது முழங்கை விசைப்பலகையில் பட்டது. இன்னொரு பிரதியும் போனது. 'எம்ப்டிலைன்' செயற்கூறை எதுவும் செய்யாதபடி முதல் நாளே மாற்றி எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு கட்டளைக்கும் இணைப்பு புதிதாக ஏற்படுவதால் தாமதம் எரிச்சலூட்டும். அப்போது கர்ல் நிரலை விட்டு, கர்லைப் பைத்தானுக்குள்ளிருந்தே இயக்கும் பைகர்ல் தொகுதிக்கு மாறி, அதில் உருவாக்கும் ஒரே கைப்பிடியை (ஹேண்டில்) திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். இணைப்பு திறந்தே இருக்கும்.