ஒப்பந்தம் கையில் இருந்தும் தஞ்சாவூர் அரசு ஏன் பறிபோனது?

கும்பகோணத்துக்காரன் நான்; இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். 1762-இல் தஞ்சை அரசர் ஆற்காட்டு நவாபுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். உத்தரவாதம் கொடுத்தது ஆங்கிலேயக் கம்பெனி. அதே கம்பெனியின் படைதான் 1773-இல் நவாபுக்காகத் தஞ்சைக் கோட்டையைப் பிடித்து, அப்போதைய தஞ்சை அரசர் துளஜா ராஜாவைச் சிறைவைத்தது. உத்தரவாதம் கொடுத்தவரே முறை தவறினால் யாரிடம் போய் முறையிடுவது? பிரெஞ்சுக்காரர் பலமாக இருந்தவரை பேரம் பேச இடமிருந்தது. 1761-இல் அவர்களின் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்ததும் அதுவும் போயிற்று. என் கணக்கில் அதுதான் மூல காரணம்.

1776-இல் லண்டன் உத்தரவால் அரியணை திரும்பக் கிடைத்தது, ஆனால் கோட்டைக்குள் கம்பெனிப் படை தங்கிவிட்டது. 1799-இல் தஞ்சை அரசர் சரபோஜி நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் கோட்டையும் மிஞ்சின. 1855-இல் ஆண் வாரிசில்லை என்று அதையும் எடுத்துக்கொண்டார்கள்.