புள்ளி கோட்டுக்கு மேலே விழுந்தால் அது அதி தெவிட்டிய கரைசல்தானா?

40 டிகிரி செல்சியஸில் 50 கிராம் நீரில் 35 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டைப் போட்டுக் கலக்கினால் என்ன வகைக் கரைசல் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நீரின் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அதிகபட்சம் எத்தனை கிராம் கரையும் என்று கோடாகக் காட்டும் கரைதிறன் வரைபடம் 100 கிராம் நீருக்குப் போட்டது, உங்களிடம் இருப்பது அதில் பாதி. அதனால் 35-ஐ இரட்டித்து, 70-இல் புள்ளி வையுங்கள். நான் டியூஷன் எடுப்பவள்; பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் விடுவது இந்த இடத்தில்தான்.

40 டிகிரியில் கோடு சுமார் 64-இல் நிற்கிறது. புள்ளி அதற்குக் கீழே இருந்தால் இன்னும் கரைக்க இடமுள்ள தெவிட்டாத கரைசல், அதில் குழப்பமே இல்லை. உங்கள் புள்ளி மேலே விழுகிறது. உடனே "அதி தெவிட்டிய கரைசல்", அதாவது அந்த வெப்பநிலையில் கரைய வேண்டிய அளவுக்கும் மேலே கரைந்து நிற்பது, என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் குறித்தது போட்ட அளவு. கரைசலின் வகையைச் சொல்வது கரைந்த அளவு. 50 கிராம் நீர் 32 கிராமைத்தான் கரைக்கும், மீதி 3 கிராம் பீக்கரின் அடியில் தங்கிவிடும். அப்படியானால் மேலே நிற்கும் கரைசல் வெறும் தெவிட்டிய கரைசல்தான், அதாவது கரையக்கூடிய அளவு முழுவதும் கரைந்து, அதற்கு மேல் கரைக்க முடியாதது.

அதே கலவையை 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அங்கே 100 கிராம் நீர் நூறு கிராமுக்கு மேலேயே கரைக்கும், எனவே 35 கிராமும் மறைந்துவிடும். அப்புறம் தூசு விழாமல், ஆட்டாமல், மெதுவாக 40-க்கு ஆறவிடுங்கள். ஒரு துகள்கூடப் படியாமல் தெளிவாக நின்றால்தான் அது அதி தெவிட்டிய கரைசல். ஒரு சிறு படிகத்தைப் போட்டுப் பாருங்கள், அதிகமாக இருந்த 3 கிராமும் படிந்து, மறுபடி தெவிட்டிய கரைசலாகிவிடும். சோடியம் அசிட்டேட் இதை இன்னும் அழகாகக் காட்டும். கைச்சூட்டுப் பைகளில் உள்ள உலோகத் தகட்டைச் சொடுக்கியதும் உள்ளே இருப்பது வெண்மையாக உறைந்து சூடாவது அதனால்தான்.

ஆகவே தேர்வில் "முழுவதும் கரைந்தது", "அடியில் படிந்துள்ளது" என்று எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள புள்ளிக்கு அந்தச் சொற்கள்தான் விடை.

வரைபடத்தில் சாதாரண உப்பின் கோட்டையும் கவனியுங்கள். 20 டிகிரியில் 36, கொதிநிலையில் 39 என்று கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். சூடான உப்புக்கரைசலை ஆறவைத்தால் பெரிதாக எதுவும் படியாது. தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் நீரை வற்றவைத்தே உப்பு எடுப்பதற்கு இந்தக் கோடே காரணம் சொல்லும்.