ஆல் கிரெய்ன் பீரில் சுவை சரியாக வரவில்லையா? கேள்வி பதில்

டின்னில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாறை விட்டுவிட்டு, பார்லி மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைக்கும் ஆல் கிரெய்ன் முறைக்கு மாறிய பலர், "முன்பே நன்றாக வந்ததே" என்று வருத்தப்படுகிறார்கள். நான் பன்னிரண்டு வருடமாக வீட்டில் காய்ச்சுகிறேன். முதல் ஆறு மாதம் எனக்கும் அதே ஏமாற்றம்தான். மால்ட்டையும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு தண்ணீரிலும் தெர்மாமீட்டரிலும் இருந்தது. வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

டொராண்டோவிலிருந்து: அண்ணா, மூன்று முறை காய்ச்சினேன். மூன்றிலும் ஆஸ்பத்திரி வாடை, பிளாஸ்டர் ஒட்டிய விரல் மாதிரி. மால்ட் சாறில் செய்தபோது இது இல்லை. பாத்திரங்களை எல்லாம் கிருமிநாசினியில் கழுவுகிறேன்.

ஒன்று கேட்கிறேன்: சாறில் செய்தபோது கடையில் வாங்கிய கேன் தண்ணீர், இப்போது 30 லிட்டர் தேவைப்படுவதால் குழாய்த் தண்ணீர், சரியா? அப்படியானால் காரணம் அதுதான். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது. அது மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிடும். மிக மிகச் சிறிய அளவிலேயே நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். வெறும் குளோரின் என்றால் கொதிக்க வைத்தால் போய்விடும். குளோரமின் அவ்வளவு சுலபமாகப் போகாது.

குளோரமினைப் போக்கும் கேம்டன் மாத்திரை வாங்குங்கள். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்குப் போதும், உங்களுக்குப் பாதி. பொடித்துத் தண்ணீரில் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து அடுப்பைப் பற்றவையுங்கள். மால்ட் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பிற்பாடு மால்ட்டை அலச ஊற்றும் ஸ்பார்ஜ் தண்ணீருக்கும் சேர்த்துப் போடுங்கள், பலர் அதைத்தான் மறக்கிறார்கள். உங்கள் கிருமிநாசினி பிளீச் வகையாக இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

லண்டனிலிருந்து: ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் அருமையாக வருகிறது. வெளிர் நிறப் பேல் ஏல் மட்டும் கடுமையான கசப்பு. ஹாப்ஸைப் பாதியாகக் குறைத்தும் போகவில்லை.

ஹாப்ஸைக் குறைத்தும் போகவில்லை என்றால் அது கசப்பு இல்லை, துவர்ப்பு. ஒரு வாய் குடித்து விழுங்கிய பிறகு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். நாவல் பழம் தின்றது போல, நெடுநேரம் ஊறிய டீயைக் குடித்தது போல வறண்டு இழுக்கிறதா? அது பார்லி உமியிலிருந்து இறங்கிய டானின்.

லண்டன் தண்ணீர் கடினமானது, பைகார்பனேட் அதிகம். ஸ்டவுட்டில் போடும் கருக வறுத்த மால்ட்டுக்கு இயல்பிலேயே புளிப்பு உண்டு. அது இந்தக் காரத்தன்மையைச் சமன் செய்துவிடும். டப்ளினில் ஸ்டவுட் செழித்ததற்கும் அந்த ஊர்த் தண்ணீர் ஒரு காரணம். வெளிர் மால்ட்டில் அந்தப் புளிப்பு போதாது, மேஷின் (வெந்நீரில் ஊறும் மால்ட் கலவையின்) பிஎச் ஏறிவிடுகிறது. ஊறவைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொஞ்சம் எடுத்து, ஆறவைத்து, மீட்டரில் அளந்து பாருங்கள். 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் அடுத்த முறை பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளுங்கள், அல்லது லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மால்ட்டை அலசும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டக் கூடாது. வடியும் வொர்ட்டின் (இனிப்பான மால்ட் நீரின்) அடர்த்தி 1.010-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசி இரண்டு லிட்டருக்கு ஆசைப்பட்டால் இருபது லிட்டரும் கெட்டுப்போகும்.

கலிஃபோர்னியாவிலிருந்து: மேஷ் 67 டிகிரியில்தான் வைக்கிறேன். ஆனாலும் பீர் தண்ணீராக இருக்கிறது, உடம்பே இல்லை.

அந்த 67-ஐ முதலில் சந்தேகப்படுங்கள். என்னுடைய முள் தெர்மாமீட்டர் 67 காட்டியபோது உண்மையில் 63 இருந்தது. ஆறு மாதம் அதை நம்பினேன். 63-ல் பீட்டா அமைலேஸ் என்ற நொதி முன்னால் நின்று வேலை செய்யும். மாவுச்சத்து பெரும்பாலும் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாகிவிடும், வாயில் நிற்க ஒன்றும் மிஞ்சாது. 68 பக்கம் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை மீந்து பீருக்குக் கனம் தரும். கரையும் ஐஸில் 0 காட்டுகிறதா, கொதிக்கும் நீரில் 100-ஐ ஒட்டி வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்புறம் மேஷை நன்றாகக் கிளறி மூன்று இடத்தில் அளவெடுங்கள்.

சிட்னியிலிருந்து: ஜனவரியில் கராஜில் வைத்தேன். நெயில் பாலிஷ் நெடி, சாராயம் போல எரிச்சல்.

கோடையில் கராஜ் வேண்டாம். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பும். அறை 24 என்றால் உள்ளே 28 கூட இருக்கும். வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 போதும். ஃபெர்மென்டரை (பீர் நொதிக்கும் பாத்திரத்தை) தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, உறையவைத்த பாட்டிலைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். முதல் மூன்று நாள் கவனமாக இருங்கள், சுவையின் பெரும்பகுதி அப்போதே முடிவாகிவிடும்.

வெண்ணெய், பாப்கார்ன் வாசனை?

டைஅசெட்டில். ஈஸ்ட் தானே அதைத் தின்று முடிக்கும், நீங்கள் அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்துவிட்டீர்கள். அடுத்த முறை அடைப்பதற்கு முன் ஒரு சின்னக் கிளாஸில் பீர் எடுத்து, மூடி 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியதும் முகருங்கள். வெண்ணெய் வாசனை வந்தால் இன்னும் மூன்று நாள் ஈஸ்ட்டோடு விட்டுவையுங்கள்.

கோயம்புத்தூரில் வீட்டில் செய்து பார்க்கலாமா சார்?

கூடாது தம்பி. 1937-ஆம் வருடத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை, அமெரிக்காவில் 1978-ல் சட்டம் மாறியது. அனுமதி உள்ள நாட்டுக்குப் போகும்போது எழுதுங்கள், முதல் காய்ச்சலுக்குக் கூடவே இருக்கிறேன்.

மெல்போர்னிலிருந்து: கெட்ட வாசனை எதுவும் இல்லை. ஆனால் மந்தமாக, ஹாப்ஸ் எங்கோ தூரத்தில் இருப்பது போல இருக்கிறது.

உங்கள் ஊர்த் தண்ணீர் மிக மென்மையானது. பில்ஸ்னர் என்ற வெளிர் லாகருக்கு வரம், பேல் ஏலுக்குச் சப்பென்று இருக்கும். ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) சேர்த்தால் கசப்பு கூர்மையாகத் தெரியும். கால்சியம் குளோரைடு மால்ட்டை உருண்டையாக்கும். 10 லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சம், சல்ஃபேட்டை லிட்டருக்கு 56 மில்லிகிராம் அளவு கூட்டும். இருபது லிட்டரில் கைவைப்பதற்கு முன், இப்போது இருக்கும் பீரை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சிட்டிகையிலும் குறைவாக ஜிப்சம் கரைத்துக் குடித்துப் பாருங்கள். எது பிடித்தது என்று எழுதுங்கள், அடுத்த காய்ச்சலுக்கு அளவு சொல்கிறேன்.