அட்வான்ஸ் கொடுத்த பீட்லாக் வீல்: ஏற்காடு ரோட்டில் ஓட்டலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறோம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பாவுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. வாரம் இரண்டு முறை என் மஹிந்திரா தாரில் போய் வருகிறேன். 18 அங்குல அலாய் வீல் வந்த மாடல். மழை நாளில் தோட்டத்துச் சரிவில் ஏறுவதற்காக டயரில் காற்றைக் குறைத்தால், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடுகிறது. போன ஐப்பசியில் இரண்டு தடவை இப்படி மாட்டிக்கொண்டேன். அதனால் பீட்லாக் வீல் போடலாம் என்று ஒரு கடையில் 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். ‘டாட் அப்ரூவ்டு சார், ரோட்டில் தாராளமாக ஓட்டலாம், வேண்டுமானால் ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். இப்போது நண்பர் ஒருவர், போலீஸ் பிடித்தால் வண்டியே போய்விடும் என்கிறார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், ‘ஆர்டர் போட்டாச்சு, தர முடியாது’ என்கிறது கடை. வீலை வாங்கிக்கொள்வதா, பணத்தைக் கேட்பதா?

பதில்: வண்டியே போய்விடும் என்று உங்கள் நண்பர் சொன்னது மிகை. ரோட்டில் தாராளமாக ஓட்டலாம் என்று கடைக்காரர் சொன்னது அதைவிடப் பெரிய மிகை. பணத்தைக் கேளுங்கள் தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த வீலைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சாதாரண ரிம்மில் டயரின் விளிம்பை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தம்தான். காற்றை மிகவும் இறக்கினால் அந்தப் பிடி போய்விடும். பீட்லாக்கில் வெளிப்பக்க விளிம்பை ரிம்முக்கும் ஒரு தனி வளையத்துக்கும் நடுவில் வைத்து, சுற்றிலும் இருபத்து நான்கோ முப்பத்திரண்டோ போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். பத்து பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கினாலும் டயர் கழலாது. பாறையிலும் மணலிலும் போட்டி ஓட்டுகிறவர்களுக்கு அருமையான சாமான். ஆனால் அத்தனை போல்ட்டையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரே அளவில் இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற வண்டியில் வாரம் இரண்டு தடவை இதை யார் செய்வார்கள்?

சரி, சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் பீட்லாக் என்ற சொல்லே கிடையாது. 1988-ஆம் வருடச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பொதுவாகச் சொல்கிறது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ(4) இதற்குத் தண்டனை வைத்திருக்கிறது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறிய வண்டி என்று 190(2)-ஐச் சேர்த்து எழுதினால் அபராதம் 10,000 வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கலாம். நடைமுறையில் இவற்றை அபராதம் கட்டி முடித்துக்கொள்ளவே சட்டம் வழி விடுகிறது. 53-ஆவது பிரிவில் ஆர்.டி.ஓ. பதிவை நிறுத்தி வைக்க முடியும் என்றாலும், உங்களிடம் விளக்கம் கேட்காமல் செய்ய முடியாது. ஆகவே வண்டி போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

‘தனியார் காரின் ஆர்.சி.யில் ரிம் பற்றி ஒரு வரிகூட இல்லையே, பிறகு எங்கே முரண்பாடு?’ என்று நீங்கள் கேட்கலாம். கெட்டிக்காரக் கேள்வி. கோர்ட்டில் உங்களுக்காக நின்றால் நானும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தம் கொடுத்தது ‘தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டது’ என்ற சொற்களுக்கு. வண்டி நிறம் போன்றவற்றை மாற்றி ஆர்.சி.யில் குறித்துக்கொள்ளலாம், கம்பெனியின் அடிப்படைக் குறிப்பை மாற்ற முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு மாடல் வண்டி ரோட்டுக்கு வரும் முன்பே, மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி அதைச் சோதனைக் கூடத்தில் பரிசோதித்துச் சான்று வாங்கியிருப்பார்கள். அந்தச் சான்று கம்பெனி வீலுக்கு உண்டு, நீங்கள் வாங்கப் போகும் வளையத்துக்குக் கிடையாது. அதனால் ‘ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறோம்’ என்று கடைக்காரர் சொன்னதை எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் ஏற்கமாட்டார். ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் ஊரில் நிறைய உண்டு, ஏற்றிய ஆர்.சி.யைக் காட்டச் சொன்னால்தான் பேச்சு நின்றுவிடும்.

அப்புறம் இந்த ‘டாட் அப்ரூவ்டு’. டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை. அவர்கள் யாருடைய வீலையும் சோதித்து அங்கீகார முத்திரை கொடுப்பதில்லை. தயாரிப்பாளரே தன் பொருள் தரத்துக்கு உட்பட்டது என்று உறுதி சொல்லிக்கொள்ளும் முறைதான் அங்கே. அமெரிக்காவிலேயே ஃபோர்டு கம்பெனி பிராங்கோ ராப்டர் என்ற ஜீப் வகை வண்டிக்குக் கொடுப்பது, வளையம் பூட்டத் தோதான ரிம். பூட்டும் வளையத்தைத் தனியாக, ரோட்டுக்கு வெளியே மட்டும் பயன்படுத்துவதற்கு என்று சொல்லி விற்கிறார்கள். இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது இந்தியத் தர நிர்ணயம். அலாய் வீலுக்கு ஐ.எஸ். 16192 என்று ஒரு தரம் இருக்கிறது. அந்த முத்திரை ரிம்மில் இருக்கிறதா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பீட்லாக் என்று விற்பதில் ஒரு பகுதி வெறும் வேஷம். சாதாரண அலாய் வீல் மேல் அலங்கார வளையம் வைத்து, சுற்றிலும் குட்டை போல்ட் அடித்திருப்பார்கள். டயரின் விளிம்பு வளையத்துக்கு அடியில் சிக்கியிருக்காது. அப்படிப்பட்டது உங்கள் சரிவில் ஒரு அடிகூட உதவாது. எதற்கு அட்வான்ஸ் கொடுத்தீர்கள் என்று ரசீதில் மாடல் பெயர் இருக்கிறதா? இல்லாவிட்டால் அதையும் வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அபராதத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஐயாயிரம் ரூபாய் வந்தது போனது. எனக்குக் கவலை விபத்தைப் பற்றி. மலையிறங்கும்போது ஒரு வளைவில் போல்ட் தளர்ந்து காற்று போய், எதிரே வருகிற பைக் மேல் வண்டி ஏறினால் என்ன நடக்கும்? மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் கொடுத்தாக வேண்டியிருக்கும். வண்டியை மாற்றியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு அவர்களுக்குத் தரும் தப்பிக்கும் காரணங்களில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்து எடுத்த பாலிசி என்று ஒரு காரணம் அங்கே உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, முதலில் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கப் பார்ப்பார்கள். உயிர் போனால், பாரதிய நியாய சம்ஹிதா 106-ஆவது பிரிவில் கவனக்குறைவால் மரணம் என்ற வழக்கு தனி. ரோட்டுக்கு ஆகாத வீல் என்று தெரிந்தே போட்டார் என்பதை நிரூபிக்க அரசு வக்கீலுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தையே காட்டிவிடலாம்.

உங்கள் சொந்த வண்டிச் சேதத்தில் கதை இன்னும் சிக்கல். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்ததும் முதலில் வீலைப் படம் எடுப்பார். பாலிசியில் சொல்லாத மாற்றம் என்று கிளெய்மைத் தள்ளக்கூடும். முழுதாகத் தள்ளிவிட்டால் அதோடு விட வேண்டாம். பாலிசி நிபந்தனையை மீறியிருந்தாலும் சில கிளெய்ம்களை 75 சதவீதம் வரை கொடுத்து முடிக்கலாம் என்று 2010-இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் நிதின் கண்டேல்வால் வழக்கில், திருட்டுக்கும் மீறிய நிபந்தனைக்கும் தொடர்பே இல்லாதபோது கிளெய்மை மறுக்க முடியாது என்றது. பீட்லாக் போட்ட வண்டி மேல் சில்வர் ஓக் மரம் விழுந்தால் இந்த வாதம் நிற்கும். வளைவில் சக்கரம் கழன்றால் நிற்காது.

‘ரோட்டுக்கு வேண்டாம், தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறேன்’ என்று அடுத்து எழுதுவீர்கள் என்று தெரியும். கம்பெனி வீலில் மலையேறி, தோட்டத்துக் கொட்டகையில் வைத்திருக்கும் பீட்லாக்கை அங்கே மாட்டி, இறங்கும் முன் கழற்றிவிடுவது. இதில் ஆபத்து மிகவும் குறைவு என்பதே என் கருத்து. ஆனால் தோட்டத்து ரோடு எல்லாம் தனியார் ரோடு என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(34)-ஆவது பிரிவு, பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள இடம் எல்லாம் பொது இடம் என்கிறது, அது நெடுஞ்சாலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்காட்டில் பல எஸ்டேட் ரோடுகள் வழியாகத்தான் உள்ளே இருக்கும் ஊர்க்காரர்கள் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் நடக்கிறார்கள். கேட் போட்டிருப்பதால் மட்டும் அது உங்கள் சொந்த ரோடு ஆகாது. உங்கள் பத்திரத்திலும் கிராம வரைபடத்திலும் வண்டிப் பாதை என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லாமல் முழுக்க உங்கள் நிலமே என்றால் வேறு சங்கடம்: தோட்டத்துக்குள் வேலையாள் ஒருவருக்கு அடிபட்டால், இது பொது இடம் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். பின் சீட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு சரிவில் விளையாட வேண்டாம். பக்கத்துக் காப்புக்காட்டு ஓடையில் இறக்கிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். 1882-ஆம் வருடத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவதே குற்றம்.

இனி சொல்வது சட்டம் இல்லை. நானும் பழைய ஜீப் வைத்து மண் ரோட்டில் மாட்டிக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் வேலைக்கு பீட்லாக்கே தேவையில்லை. 2020-இல் வந்த தாரிலேயே இன்னொரு வேரியன்ட் 16 அங்குல ஸ்டீல் வீலோடு, 245/75 டயர் போட்டு வந்தது. உங்களுடையது 255/65, 18 அங்குலம். கணக்குப் போட்டால் 16 அங்குலத்தில் டயரின் பக்கச் சுவர் சுமார் 18 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். காற்றைப் பாதி குறைத்தாலே தரையில் நன்றாகப் பரவும். பதினைந்து, பதினெட்டு பி.எஸ்.ஐ. வரை பொதுவாக டயர் கழலாது; உங்களுக்குக் கழன்றது என்றால் அதற்கும் கீழே இறக்கியிருப்பீர்கள், அல்லது அந்த நிலையில் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பியிருப்பீர்கள். கம்பெனியே அந்த மாடலுக்குக் கொடுத்த அளவு என்பதால் பிரேக் இன்ஸ்பெக்டரிடமும் சர்வேயரிடமும் சொல்ல உங்களுக்கு ஒரு பதில் இருக்கும். பிரேக் காலிபரில் உரசாமல் உட்காருகிறதா என்று சர்வீஸ் சென்டரில் பார்த்து, அவர்கள் பில்லிலேயே வாங்குங்கள். பிறகு ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்ரசர். தோட்டத்தை விட்டு வெளியே வரும் முன் காற்றைக் கம்பெனி அளவுக்கு ஏற்றிக்கொண்டால் போதும்.

இப்போது அந்த 40,000. ‘ஆர்டர் போட்டாச்சு’ என்பது சாதாரணமாக ஒரு நல்ல பதில்தான். மனம் மாறிவிட்டது என்று நீங்கள் கேட்டிருந்தால், கொடு என்று நான் கடைக்காரரை வற்புறுத்தியிருக்க முடியாது. இங்கே நிலைமை வேறு. ரோட்டில் ஓட்டலாம், ஆர்.சி.யில் ஏற்றலாம் என்று அவர் சொன்னதை நம்பித்தான் பணம் கொடுத்தீர்கள். இரண்டும் தவறு. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 19-ஆவது பிரிவில், தவறான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை நம்பியவர் ரத்து செய்யலாம். ரத்து செய்தால் வாங்கிய பணம் திரும்ப வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் பொருளின் தரம், அங்கீகாரம் பற்றிப் பொய்யாகச் சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை.

அதனால் வீலை எடுத்துவிடாதீர்கள். ‘ஒரு தடவை மாட்டிப் பாருங்கள் சார்’ என்றால் அதற்கும் சம்மதிக்க வேண்டாம். மாட்டிவிட்டால் ஏற்றுக்கொண்டதாக வாதாடுவார்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். முதலில் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு பக்க நோட்டீஸ்: எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், அவர் எழுதிய மூன்று வாக்கியங்கள் அப்படியே, அவற்றை நம்பியதால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறீர்கள், பதினைந்து நாளில் பணம் வேண்டும். திட்டுவது, ஃபேஸ்புக்கில் போடுவேன் என்று மிரட்டுவது எதுவும் அதில் வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பல கடைகள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும்.

வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை கோவையிலோ பெங்களூருவிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு போட இப்போதைய சட்டம் இடம் கொடுக்கிறது. ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலே நீங்களே நின்று பேசலாம். என் தொழிலுக்கு எதிராக இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மனுவில் 40,000-க்கு மேல் மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்றெல்லாம் எழுதாமல், பணம், வட்டி, செலவு என்று மட்டும் கேளுங்கள். நோட்டீஸை எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன் ரசீது நகலோடு எனக்கு ஒரு முறை காட்டுங்கள்.