தில்லிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, தில்லிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊரிலுள்ள அம்மாவிடம் பேசும்போதே ‘ப்ரோ’, ‘லோல்’, அமெரிக்காவுக்கு ‘ஸ்டேட்ஸ்’ என்று வாயில் வந்துவிடுகிறது, இதை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தில்லியின் முனிர்கா பகுதியில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இணையச் சொற்களுக்காக வருந்த வேண்டாம், ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர்களில்தான் கவனம் வேண்டும்.

‘லோல்’ 2011இலேயே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. அம்மாவுக்குப் புரியாவிட்டால் ‘சிரிப்பு வந்துவிட்டதம்மா’ என்று சொல்லிவிடுங்கள், போதும்.

நாட்டுப்பெயர்கள் அப்படி லேசில் உதிர்வதில்லை. இங்கே ரிட்ஜ் எனப்படும் குன்றுக் காட்டில் மண்டிக் கிடக்கும் மரத்தை ‘விலாயதி கீக்கர்’ என்பார்கள். அருகே போய்ப் பார்த்தால், இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்து நிற்கும் அதே சீமைக்கருவேலம். விலாயத் என்றாலும் சீமை என்றாலும் பேச்சுவழக்கில் இங்கிலாந்து, அல்லது பொதுவாக வெளிநாடு. மரமோ மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த விலாயதியே இங்கிருந்த ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் ‘பிளைட்டி’ என்று திரிந்து, முதல் உலகப்போர்க் காலத்தில் அவர்கள் தங்கள் தாய்நாட்டை ஏக்கத்தோடு அழைக்கும் பெயராகவே ஆகிவிட்டது.

அது அவர்களாகவே சூட்டிக்கொண்ட பெயர். பிறர் நம்மீது ஒட்டும் பெயர் வேறு வகை. 1969இல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று ஆன பிறகும், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்ற வேறுபாடின்றி எல்லோரையும் இங்கே ‘மதராசி’ என்பவர்கள் உண்டு. வந்த புதிதில் அது என்னை மிகவும் உறுத்தியது. ஆனால் அதே தவறு எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. மாடியில் குடியிருக்கும் மணிப்பூர்ப் பெண் படியேறி வருகையில், ஊரிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகன், அவருக்குத் தமிழ் தெரியாதென்ற தைரியத்தில், ‘மாமா, சைனாக்காரியா?’ என்று கேட்டுவிட்டான். ‘சைனா’ மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்தது. பால் பாக்கெட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, ‘நான் இம்பால்’ என்று இந்தியில் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் மேலே போனார். அன்று மாலையே அவனை அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்கவைத்தேன். அந்தப் பெண் தேநீர் கொடுத்தார், எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

அலுவலகத்தில் யாரேனும் உங்களை ‘மதராசி’ என்றால், உங்கள் ஊர்ப்பெயரை நிதானமாகச் சொல்லுங்கள். அவருக்கு எந்த ஊர் என்பதையும் அப்போதே கேட்டு, அந்தப் பெயரை அவர் உச்சரிக்கும் விதமாகவே சொல்லிப் பழகுங்கள்.