படம் சுத்துது, பழி பொடியன் மேலே: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளை அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே வீட்டில் இருந்து வந்த மாதிரி இருக்கிறது. முன் ஹோலில் டிவி, பின் அறையில் கேம், நடுவில் ஒரு சண்டை. ஊர்தான் வேறு வேறு.

கேள்வி: எங்கட வீட்டில ஃபைபர் லைன்தான். இரவு எட்டு மணிக்கு யூடியூபில நாடகம் பார்க்க இருந்தா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நிண்டு சுத்துது. மகன் அறைக்குள்ள கேம். அவன்ட போனைப் பறிச்சு வைச்சா எல்லாம் சரியாகும் எண்டு வீட்டுக்காரர் சொல்றார். உண்மையா?
(ஒரு வாசகி, கல்லடி)

பதில்: பறிக்க வேண்டாம் அக்கா. போனில் ஆடுகிற பப்ஜி, ஃப்ரீ ஃபயர் மாதிரி ஆட்டங்களுக்கு ஒரு எம்பிபிஎஸ் (லைன் வேகத்தை அளக்கும் அளவு) கூடத் தேவையில்லை. உங்கள் நாடகம் ஃபுல் எச்டியில் ஓட 5 எம்பிபிஎஸ் வேண்டும்.

அதற்காக வீட்டுக்காரர் முழுப் பிழை என்றும் சொல்ல மாட்டேன். ஆட்டம் வேறு, ஆட்டத்தின் அப்டேட் வேறு. கம்ப்யூட்டரிலோ பிளேஸ்டேஷனிலோ பெரிய கேம் ஒன்று இறங்கினால் பல பத்து ஜிபி. கிடைக்கிற லைன் முழுவதையும் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். அதைவிடக் கள்ளமான ஒன்று, போனில் எடுத்த படமும் வீடியோவும் தானாக கூகுள் போட்டோஸுக்கு ஏறுவது. நாடகம் இறங்குகிறது, படம் ஏறுகிறது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டிவி நாடகத்தை வாங்கிக்கொண்டிருக்கும்போதே ‘வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு’ என்று சின்னச் சின்னத் தகவலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும் பாதையைக் கல்யாண வீட்டு வீடியோ அடைத்து நின்றால் அந்தத் தகவல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். 2013இல் புதுப் பாலம் திறக்கும் வரை பழைய கல்லடிப் பாலத்தடியில் காத்து நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு அவசரமான மோட்டார் சைக்கிளும் லொறிக்குப் பின்னால்தான்.

நாவற்குடாவில் ஒரு வீட்டில் இதைக் கண்ணாலேயே காட்டினேன். லேப்டாப்பில் 8.8.8.8 என்ற கூகுளின் முகவரிக்கு பிங் ஓடவிட்டேன். ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெக்கன் எடுக்கிறது என்று அது காட்டும். 410, 435, 398 என்று போனது. மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மகளின் போனை எடுத்து ஃபிளைட் மோடில் போட்டேன். இரண்டு வரி கழித்து 41, 39, 40. மகனும் தகப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் காசு செலவில்லாத வேலை: போட்டோ பேக்கப்பைப் பகலில் நிறுத்திவையுங்கள், படுக்கப் போகும்போது போடுங்கள். மகன் கம்ப்யூட்டரிலும் ஆடினால், அவனிடம் சொல்லி ஸ்டீமில் (கம்ப்யூட்டர் கேம்களை இறக்கும் செயலி) அப்டேட் இறங்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றச் செய்யுங்கள். அந்த வசதி அதன் செட்டிங்கிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகும் சுத்தினால் ரவுட்டரில் எஸ்கியூஎம் என்றோ கியூஓஎஸ் என்றோ, தகவல் வரிசையை ஒழுங்குபடுத்தும் செட்டிங் பக்கம் ஒன்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் லைனின் வேகத்தை அளந்து, இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அதில் 85 முதல் 90 சதவீதம் வரை மட்டும் கொடுங்கள். இருக்கிற வேகத்தை ஏன் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை உங்கள் ரவுட்டருக்குள் வந்துவிடும். சின்னத் தகவலை முன்னுக்கு விடும் வேலையை அது செய்யும். அதில் எஃப்கியூ-கோடெல், கேக் என்ற முறைகளின் பெயர்களைக் கண்டால் தயங்காமல் அதைத் தெரிவுசெய்யுங்கள். லைனோடு தருகிற ரவுட்டர்களில் பெரும்பாலும் இது இருக்காது. அப்போது இந்த வசதி உள்ள ஒரு ரவுட்டரைத் தனியாக வாங்கிப் பின்னால் போடலாம்.

கேள்வி: மாதம் 20ஆம் திகதியே டேட்டா முடிந்து வேகம் விழுந்துவிடுகிறது. மகன் நாளுக்கு மூன்று மணித்தியாலம் கேம். அவனுக்குத் தனி சிம் வாங்கிக் கொடுத்துப் பிரித்துவிடவா?
(ஒரு தகப்பன், சம்மாந்துறை)

பதில்: போனில் ஒரு மணித்தியால ஆட்டத்துக்கு நூறு, நூற்றைம்பது எம்பி போனாலே பெரிது. நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை போகும். இது அவர்களே சொல்கிற கணக்கு. டிவி யார் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் கணக்குக்குள் போய் டேட்டா பாவனையை ‘மீடியம்’ ஆக்குங்கள், மணித்தியாலத்துக்கு 0.7 ஜிபியோடு நிற்கும். 32 அங்குல டிவியில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கேள்வி: நான் மற்றப் பக்கத்து ஆள். வாப்பா ஹோலில் டிவி போட்டா என்ட பிங் 70இல இருந்து 300க்குப் பாயுது. ரவுட்டர் என்ட அறையிலதான் இருக்கு. பிங்கை 20க்குக் கொண்டுவர வழி இருக்கா?
(ஒரு கேமர், காத்தான்குடி)

பதில்: 20 நடக்காது தம்பி. பல ஆட்டங்களின் ஆசியச் சர்வர் சிங்கப்பூரில். மட்டக்களப்பில் இருந்து நேர்கோட்டில் பார்த்தாலே 2,500 கி.மீ.க்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கி.மீ. ஓடும், போய்த் திரும்ப 25 மில்லிசெக்கன் அதிலேயே முடிந்தது. அதுவும் நேர்கோட்டில் போனால்தானே. கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, மாத்தறைப் பக்கம். கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற காத்தான்குடியில் இருந்து வெளிக்கிடுகிற பக்கெட் (தகவல் பொட்டலம்), சிங்கப்பூருக்குப் போக முதலில் மேற்கே போய்க் கிறுகி வர வேண்டும். 70 நல்ல எண். அதை 70இல் நிறுத்திவைப்பதுதான் எங்கள் வேலை.

வீடியோ சீராக ஒழுகுவதில்லை. ஒரு வாளி அள்ளும், ஓயும், மறுகா அள்ளும். அள்ளுகிற அந்த நொடியில்தான் உங்களுக்குப் பாயும். இதில் நோய் லைனிலா வைஃபையிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டிவி ஓடும்போது உங்கள் ரவுட்டரின் முகவரிக்கே பிங் போடுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். அதுவே நூறைத் தாண்டினால் வைஃபைதான் காரணம். அது 3, 4 என்று நின்று 8.8.8.8க்கு மட்டும் ஏறினால் லைன். கல்லடி அக்காவுக்குச் சொன்ன வைத்தியம்தான்.

வைஃபை என்றால் எல்லோரும் கேமருக்குக் கேபிள் இழுக்கச் சொல்வார்கள். நான் முதலில் டிவிக்குத்தான் இழுப்பேன். சுவரில் ஆணி அடித்து மாட்டிய சாமான், எங்கும் போகாது. இரண்டு சுவருக்கு அப்பால் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலையில் தொங்கிக்கொண்டு வைஃபையின் நேரம் முழுவதையும் தின்பதும் அதுதான். டிவியின் லேன் துளை பல மாடல்களில் 100 எம்பிபிஎஸ்தான். 4கேக்கு அதுவே தாராளம். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள், அலுமினியத்துக்குச் செம்பு பூசியதை மலிவு விலையில் தள்ளிவிடுவார்கள். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. போன வருடம் கடற்கரை வீதியில் ஒரு வீட்டில் கழற்றிய முனையில் எட்டுத் தகட்டில் மூன்று பச்சை பிடித்துக் கிடந்தன. முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணியதும் லைன் வந்துவிட்டது.

கேள்வி: திருக்கோவிலில் 4ஜி ரவுட்டர். பகலில் பரவாயில்லை, இரவில் எல்லாம் நின்றுவிடுகிறது. வெளியே அன்ரெனா போட்டால் சரிவருமா?

பதில்: அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள். ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போய், சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைக் காலை ஐந்து மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் எழுதிவையுங்கள். -85 போல இருந்தால் நல்ல சிக்னல், -110க்குக் கீழே போனால் பலவீனம். இரண்டு நேரமும் -110 என்றால் அன்ரெனா உதவும். அதற்கு முன் ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரிக்கு மேல் வைத்தால் எதுவும் நடக்காது. இரண்டு நேரமும் -85, ஆனால் இரவில் மட்டும் படுக்கிறது என்றால் டவரில் ஆள் கூட. ஊரே அந்த நேரத்தில்தான் பார்க்கிறது. அதற்கு அன்ரெனா மருந்தில்லை. இரவு ஒன்பது மணிக்கு வேறு கம்பனி சிம் உள்ள சொந்தக்காரர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஹொட்ஸ்பொட் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பின் அறைக்கு ரிப்பீட்டர் வாங்கினேன். கட்டை நிறைய இருக்கு, வேகம் இல்லை.
(ஏறாவூர்)

பதில்: கட்டை காட்டுவது ரிப்பீட்டருக்கும் உங்கள் போனுக்கும் இடையிலான உறவை மட்டும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற மலிவு வகை என்றால் வேகம் பாதியாகும். சிக்னல் செத்த இடத்தில் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள்.

கேள்வி: எட்டு அன்ரெனா உள்ள கேமிங் ரவுட்டர் வாங்கலாமா?
(அக்கரைப்பற்று)

பதில்: வேண்டாம். எஸ்கியூஎம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் அன்ரெனாவை எண்ணிக் காட்டினால் வெளியே வாருங்கள்.

கேள்வி: மாரி தொடங்கப் போகுது. மின்னலுக்கு ஃபைபர் ரவுட்டரையும் கழற்ற வேணுமா?
(வாழைச்சேனை)

பதில்: கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, கரண்ட் பிளக் கடத்தும். ஆகவே இடி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றுங்கள். பழைய செம்பு லைன் என்றால் டெலிபோன் வயரையும் சேர்த்து. நடு ஆட்டத்தில் கழற்றினால் பின் அறையில் இருந்து வரும் சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை.